90 நாள் என்பது மூன்று மாதம் அல்ல

தென்னாப்பிரிக்காவில் வேலை பார்க்கும் ஒருவர் தன் நிர்வாகத்தின் மீது ‘நியாயமற்ற தொழிலாளர் நடைமுறை’ என்று தகராறு எழுப்ப வேண்டுமானால், அவர் நிரப்ப வேண்டிய படிவத்தின் எண் 7.11. பெயர், முகவரி, முதலாளியின் விவரம், நடந்தது என்ன, கேட்பது என்ன என்று கட்டம் கட்டமாக இருக்கும். மனக்குறையோடு வருபவர் ‘நடந்தது என்ன’ என்ற இடத்தில் பேனாவை அழுத்தி எழுதுவார். இடம் போதாமல் ஓரத்திலும் எழுதுவார். தகராறு எழுந்த தேதியைக் கேட்கும் சின்னக் கட்டம் வரும்போது மட்டும், நினைவில் குத்துமதிப்பாக இருக்கும் ஒரு தேதியைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். படிவத்தை வாங்கும் தொழில் தகராறு ஆணைய அலுவலருக்கோ மற்றதெல்லாம் அப்புறம்தான். அந்தத் தேதியிலிருந்து 90 நாளுக்குள் வந்திருக்கிறாரா என்று முதலில் எண்ணிப் பார்ப்பார். இல்லையென்றால், நடந்தது எவ்வளவு பெரிய அநியாயமாக இருந்தாலும், தாமதம் மன்னிக்கப்படும்வரை அதை விசாரிக்கும் அதிகாரமே அந்த அலுவலகத்துக்குக் கிடையாது.

அந்த 90 நாளை எப்படி எண்ணுவது, எங்கே தொடங்குவது, எங்கே ஏமாந்துபோவோம் என்பதைப் பார்க்கலாம். ‘நியாயமற்ற தொழிலாளர் நடைமுறை’ என்ற சொல் பல நாட்டுச் சட்டங்களில் இருக்கிறது. அமெரிக்காவில் அது பெரும்பாலும் சங்கம் சேரும் உரிமையைச் சுற்றியது. அங்கே கெடு ஆறு மாதம். இந்தியாவில் தொழில் தகராறுச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை அதற்கு ஒரு நீண்ட பட்டியலே வைத்திருந்தது. தென்னாப்பிரிக்காவை நான் எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அங்கேதான் இந்தச் சொல் ஒரு தனி ஊழியரின் அன்றாட மனக்குறைகளைத் தொடுகிறது: கிடைக்காத பதவி உயர்வு, முடிவே இல்லாத பணியிடைநீக்கம், மேசையில் வைக்கப்பட்ட எச்சரிக்கைக் கடிதம்.

எது இந்த வகையில் சேரும்?

தொழிலாளர் சட்டங்களை ஆராய அரசு அமைத்த வீகான் ஆணையத்தின் பரிந்துரைகளை ஒட்டி 1979இல் வந்த திருத்தச் சட்டம்தான் இந்தச் சொல்லை அந்த நாட்டுச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அப்போதைய வரையறை வேடிக்கையானது. எந்த நடைமுறை நியாயமற்றது என்று தொழில் நீதிமன்றம் கருதுகிறதோ, அதுவே நியாயமற்ற நடைமுறை! பூனை என்றால் என்ன என்று கேட்டவனுக்கு, நான் எதைப் பூனை என்கிறேனோ அதுதான் பூனை என்று பதில் சொன்ன கதை. ஆனால் அந்த அகலமான வரையறைக்குள் நுழைந்துதான் நிறவெறி ஆட்சிக் காலத்திலேயே தொழிலாளர்கள் பல பாதுகாப்புகளை வாங்கினார்கள்.

இன்று கதவு குறுகிவிட்டது. அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு, நியாயமான தொழிலாளர் நடைமுறைகள் ஒவ்வொருவரின் உரிமை என்று பொதுவாகச் சொல்கிறது. 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டம், 186(2) பிரிவில், எவையெல்லாம் நியாயமற்ற நடைமுறை என்று பட்டியலிட்டு மூடிவிடுகிறது. பதவி உயர்வு, பதவி இறக்கம், தகுதிகாண் பருவம், பயிற்சி, சலுகைகள் ஆகியவற்றில் நிர்வாகம் நியாயமின்றி நடந்துகொள்வது ஒரு வகை. நியாயமற்ற பணியிடைநீக்கமும், வேலையை விட்டு நீக்காமல் கொடுக்கும் மற்ற தண்டனைகளும் இன்னொரு வகை. மீண்டும் வேலைக்கு எடுத்துக்கொள்வதாக ஒப்பந்தம் போட்டுவிட்டு எடுக்க மறுப்பதும், முறைகேட்டை வெளியே சொன்னவரைப் பழிவாங்குவதும் மீதி. பட்டியலில் இல்லாததை இந்தப் பெயரில் கேட்க முடியாது. சம்பள உயர்வு போதவில்லை என்பது இதில் வராது. ‘சலுகை’ என்ற சொல் எவ்வளவு தூரம் நீளும் என்பதில் மட்டும் வெகுகாலம் இழுபறி இருந்தது. 2013இல் அப்பல்லோ டயர்ஸ் வழக்கில் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் சற்று அகலப்படுத்தியது. நிர்வாகம் தன் விருப்பப்படி கொடுக்கும் முன்கூட்டிய ஓய்வுத் திட்டம்கூடச் சலுகைதான், அதையும் நியாயமாகத்தான் கொடுக்க வேண்டும் என்றது.

வகை தெரிவது ஏன் முக்கியமென்றால், வகைக்கு வகை கெடு மாறும். வேலையை விட்டே நீக்கிவிட்டால் 30 நாள். நியாயமற்ற நடைமுறை என்றால் 90 நாள். இனம், பாலினம், கர்ப்பம் போன்ற காரணத்தால் பாகுபாடு என்றால் அது வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் கீழ் வரும். அங்கே ஆறு மாதம். ஒரே பதவி உயர்வு மறுப்பு, காரணத்தைப் பொறுத்து இரண்டாவதாகவும் இருக்கலாம், மூன்றாவதாகவும் இருக்கலாம். எது என்று சந்தேகமாக இருந்தால் சின்னக் கெடுவையே தன் கெடுவாக வைத்துக்கொள்பவர் புத்திசாலி.

நம் ஊரில் இருந்து பார்ப்பவர்களுக்கு இந்த எண்கள் கொஞ்சம் மூச்சு முட்டவைக்கும். இந்தியத் தொழில் தகராறுச் சட்டத்தில் 2010 திருத்தத்துக்குப் பிறகு, பணிநீக்கம் செய்யப்பட்டவர் தானே தொழிலாளர் நீதிமன்றத்தை அணுக மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது. தென்னாப்பிரிக்கச் சட்டம் வேறு மாதிரி யோசிக்கிறது. இந்தத் தகராறுகளுக்கென்றே சிசிஎம்ஏ என்று எல்லோரும் அழைக்கும் ஓர் ஆணையம் 1996 நவம்பரிலிருந்து இயங்குகிறது. சமரசம், மத்தியஸ்தம், நடுவர் தீர்ப்பு மூன்றும் அங்கேயே. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, ஒரு படிவம் போதும். நுழைவது இவ்வளவு எளிது. ஆகவே சீக்கிரம் வா என்பது அதன் கணக்கு. எனக்கு இந்தக் கணக்கு பாதிதான் நியாயமாகப் படுகிறது. சட்டத்தை அறிந்தவருக்கு 90 நாள் தாராளம். அப்படி ஓர் ஆணையம் இருப்பதே தெரியாதவருக்கு அது கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும்.

விரல் விட்டு எண்ணுவோம்

டர்பன் நகரின் வடக்கே பீனிக்ஸ் என்று ஒரு குடியிருப்பு. அங்கே குடியிருந்து ஒரு கிடங்கில் வேலை பார்க்கும் மேற்பார்வையாளர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். கிடங்கு மேலாளர் பதவிக்கு விண்ணப்பித்தார், நேர்காணலும் நடந்தது. 2025 மார்ச் 3, திங்கட்கிழமை காலை, ‘தங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை’ என்று கடிதம் வந்தது. பதவி போனது அவரைவிடக் குறைந்த அனுபவமுள்ள ஒருவருக்கு என்று அந்தக் கடிதத்திலேயே இருந்தது.

கடிதம் வந்த நாளை எண்ணக் கூடாது. மறுநாள் மார்ச் 4தான் முதல் நாள். மார்ச்சில் 28 நாள், ஏப்ரலில் 30, ஆக 58. மே மாதம் 31, ஆக 89. தொண்ணூறாவது நாள் ஜூன் 1. சனி, ஞாயிறு, புனித வெள்ளி எல்லாம் இந்த எண்ணிக்கைக்குள் அடக்கம். வேலை நாள் கணக்கு இல்லை, காலண்டர் கணக்கு. ஆனால் கடைசி நாள் ஞாயிறாகவோ அரசு விடுமுறையாகவோ அமைந்தால் அது அடுத்த நாளுக்குத் தள்ளும். அந்த ஆண்டு ஜூன் 1 ஞாயிறு. ஆகவே நம் மேற்பார்வையாளருக்குக் கெடு ஜூன் 2, திங்கள் வரை.

இப்போது அவர் ‘மூன்று மாதம்தானே’ என்று மனக்கணக்குப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மார்ச் 3லிருந்து ஜூன் 3. ஒரு நாள் தாமதம். ஒரு நாள் தாமதமும் தாமதம்தான். அதற்கும் மன்னிப்புக் கோரும் மனு எழுத வேண்டும். மன்னிப்பு கிடைக்கலாம், ஆனால் கேட்கும் நிலைக்கு எதற்கு வர வேண்டும்? காலண்டரில் 31 என்ற எண் வரும் மாதங்களெல்லாம் இப்படிச் சத்தமில்லாமல் ஒரு நாளைத் திருடுகின்றன.

பொறுமையாக இருப்பவருக்கு விழும் குழி

உண்மையில் ஆட்கள் ஒரு நாள், இரண்டு நாளில் கெடுவைத் தவறவிடுவதில்லை. வாரக்கணக்கில் தவறவிடுகிறார்கள். அதற்கு ஒரு காரணம், சோம்பலுக்கு நேர் எதிரானது: ஒழுங்காக நடந்துகொள்வது.

நம் மேற்பார்வையாளர் சண்டைக்காரர் இல்லை. கடிதம் வந்த ஒரு வாரத்தில், மார்ச் 10 அன்று, நிறுவனத்தின் விதிப்படி உள்ளுக்குள்ளேயே குறை மனு கொடுத்தார். மனிதவளப் பிரிவு ஏப்ரல் 2 அன்று அழைத்துப் பேசியது. ‘பரிசீலிக்கிறோம்’ என்றார்கள். அவரும் காத்திருந்தார். மே 22 அன்று பதில் வந்தது: முடிவில் மாற்றமில்லை. அன்றுதான் அவருக்கு நம்பிக்கை போனது. அன்றிலிருந்து 90 நாள் எண்ணினார்; ஆகஸ்ட் 20 வரை நேரம் இருக்கிறது என்று முடிவுகட்டினார். அவசரமில்லாமல் காகிதங்களைச் சேகரித்து, ஆகஸ்ட் 18 அன்று படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டோம் என்ற நிம்மதி அவருக்கு. அலுவலகத்தின் கணக்கில் அவர் 77 நாள் தாமதம்.

தவறு எங்கே? தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 191ஆம் பிரிவின் சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும். பணிநீக்கத்துக்கு 30 நாள் என்று சொல்லும் அதே பிரிவு, அந்த 30 நாளை வேலை போன நாளிலிருந்து எண்ணலாம், அல்லது நீக்கியதே சரி என்று முதலாளி இறுதியாக உறுதிசெய்த நாள் பிந்தியதாக இருந்தால் அதிலிருந்து எண்ணலாம் என்கிறது. அதாவது நிறுவனத்துக்குள் மேல்முறையீடு செய்தவருக்கு அந்தக் காலம் கழித்துக் கொடுக்கப்படுகிறது. நியாயமற்ற நடைமுறைக்கு வரும்போது அந்தச் சலுகை காணாமல் போய்விடுகிறது. செயல் நடந்த நாள், அல்லது செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்ட நாள். அதுவும் இல்லையென்றால், அது தொழிலாளிக்குத் தெரியவந்த நாள், பிந்தியதாக இருந்தால். அவ்வளவுதான். உள்ளுக்குள் கொடுத்த குறை மனுவைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் இல்லை.

ஒரு பிரிவின் இரண்டு வரிகளுக்கு நடுவே இப்படி ஒரு பள்ளம். பணிநீக்கத்தைப் பற்றி நண்பர் சொன்ன அறிவுரையை, ‘முதலில் கம்பெனிக்குள் முடிவு வரட்டும், அப்புறம் நாளை எண்ணு’ என்பதை, பதவி உயர்வுத் தகராறுக்குப் பொருத்தினால் நேராகப் பள்ளத்தில்தான் போய் விழுவோம். மனிதவளப் பிரிவு வேண்டுமென்றே இழுக்கிறது என்று நான் சொல்லவில்லை. இழுத்தால் யாருக்கு லாபம் என்பது மட்டும் தெளிவு. குறை மனு ஒரு பக்கம் நடக்கட்டும். நாளை எண்ணுவது மறுபக்கம் நிற்காமல் நடக்க வேண்டும். எண்பதாவது நாள் வரை பதில் வரவில்லையென்றால் படிவம் உள்ளே போய்விட வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தடுக்காது.

இதே குழியின் இன்னொரு முகம், இறுதி எச்சரிக்கைக் கடிதம். அநியாயமாக வந்த எச்சரிக்கை என்று தெரிந்தும், ‘வேலை போகவில்லையே, விடு’ என்று மடித்து வைத்துவிடுவார்கள். எட்டு மாதம் கழித்து ஒரு சின்னத் தவறுக்கு வேலை போகும். ஏற்கெனவே இறுதி எச்சரிக்கை இருக்கிறது என்பதே காரணமாக நிற்கும். அப்போது அந்தப் பழைய எச்சரிக்கையைச் சவால்விடப் போனால், அதற்கான 90 நாள் எப்போதோ முடிந்திருக்கும்.

தெரியவந்த நாள்

எல்லாமே கையெழுத்துப் போட்டு வாங்கும் கடிதத்தில் வருவதில்லை. யாரிடமும் சொல்லாமல் ஒரு பதவியை நிரப்பிவிடுவார்கள். மற்றவர்களுக்குப் பயிற்சி வாய்ப்பு கொடுத்து ஒருவரை மட்டும் விட்டிருப்பார்கள். அது அவருக்கு நான்கு மாதம் கழித்துத்தான் கேண்டீன் பேச்சில் காதில் விழும். இதற்காகத்தான் சட்டம் ‘தெரியவந்த நாள்’ என்று இரண்டாவது வாசலை வைத்திருக்கிறது. ஆனால் அந்த வாசல் வழியாக வருபவர்தான் எப்போது, எப்படித் தெரியவந்தது என்று காட்ட வேண்டும். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தது, மின்னஞ்சல் எல்லோருக்கும் போனது என்று எதிர்த்தரப்பு சொன்னால் வாதம் வலுவிழக்கும். அப்படி ஏதாவது தெரியவந்த அன்றே, ‘இன்றுதான் எனக்கு இது தெரிந்தது’ என்று மேலாளருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பி வைத்தால், அந்த நாளுக்கு ஒரு சாட்சி உண்டாகிவிடும்.

நாளை எப்படி எண்ணுவது என்றே குழப்பமாகும் சந்தர்ப்பங்களும் உண்டு. ஒரே வேலை, ஒரே அனுபவம், ஆனால் ஒருவருக்கு மட்டும் மாதாமாதம் குறைவான ஊதியம். காரணம் அவருடைய இனம். இது முதல் மாதத்தோடு முடிந்த செயலா, மாதந்தோறும் புதிதாகப் பிறக்கும் செயலா? அரசு ஒலிபரப்பு நிறுவனமான எஸ்ஏபிசி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைப் பிரித்துக் காட்டியது. ஒருமுறை மட்டும் கொடுக்கும் போனஸை இனம் பார்த்து ஒருவருக்குக் கொடுத்தால் அது அன்றே தொடங்கி அன்றே முடிந்த செயல். ஊதிய வேறுபாடு அப்படியில்லை. எந்தத் தேதியில் தொடங்கப்பட்டிருந்தாலும், தொடர்ந்துகொண்டும் திரும்பத் திரும்ப நிகழ்ந்துகொண்டும் இருப்பது. பின்னதில் பழைய தொடக்கத் தேதியைக் காட்டிக் கதவை மூட முடியாது.

இதைப் படித்ததும் பலருக்கு ஒரு ஆசை வரும்: என் பதவி உயர்வு மறுப்பின் பலனும்தான் மாதாமாதம் என் சம்பளத்தில் தெரிகிறது, அதுவும் தொடரும் செயல்தானே? இல்லை. அடி விழுந்தது ஒருநாள், வலிதான் தொடர்கிறது. மறுப்பு என்ற முடிவு ஒருமுறை எடுக்கப்பட்டது. அதன் விளைவு நீள்வதால் முடிவே நீண்டதாகிவிடாது.

தாமதமாகிவிட்டது, இனி?

மீண்டும் 77 நாள் தாமதமாக வந்த நம் மனிதரிடம் போவோம். கதவு அடைக்கப்பட்டுவிடவில்லை. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னித்து வழக்கை ஏற்க ஆணையருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் தாமதமாகப் படிவம் கொடுப்பவர் மன்னிப்பு மனுவையும் அதோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். படிவத்தை மட்டும் கொடுத்துவிட்டு யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தால், அந்த இடைவெளியும் தாமதக் கணக்கில் ஏறும்.

எதை வைத்து முடிவு செய்வார்கள்? 1962இல் உச்ச நீதிமன்றத்தின் மேல்முறையீட்டு அமர்வு மெலேன் என்பவரின் வழக்கில் வகுத்த அளவுகோல்தான் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. எவ்வளவு தாமதம், அதற்கு என்ன விளக்கம், மூல வழக்கில் வெல்லும் வாய்ப்பு எப்படி, விஷயம் எவ்வளவு முக்கியமானது என்பவற்றைத் தனித்தனியாக அல்லாமல் ஒன்றோடொன்று சேர்த்து எடைபோட வேண்டும். சிறிய தாமதமும் நல்ல விளக்கமும் சேர்ந்தால், வழக்கு அவ்வளவு பலமாக இல்லாவிட்டாலும் ஈடுகட்டலாம். சிசிஎம்ஏயின் விதிகள், எதிர்த்தரப்புக்கு ஏற்படும் பாதிப்பையும் சேர்த்துச் சொல்லச் சொல்கின்றன. ஆனால் ஓர் எல்லை உண்டு: ஏற்கத்தக்க விளக்கமே இல்லையென்றால், வெல்லும் வாய்ப்பு எவ்வளவு இருந்தாலும் பயனில்லை என்று பின்னர் வந்த தீர்ப்புகள் சொல்லிவிட்டன.

விளக்கம் என்றால் என்ன என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘எனக்குச் சட்டம் தெரியாது’ என்ற ஒரே வரி பலவீனமானது. ‘உடம்பு சரியில்லை’ என்பதும் தனியாக நிற்காது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, மருத்துவச் சான்று எங்கே என்று கேட்பார்கள். தாமதத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் பதில் வேண்டும். நம் மேற்பார்வையாளர் எழுத வேண்டியது ஏறத்தாழ இப்படி இருக்கும்: மார்ச் 10 குறை மனு கொடுத்தேன், நகல் இணைப்பு, ஏப்ரல் 2 கூட்டம் நடந்தது, குறிப்பு இணைப்பு, ஏப்ரல் 16, மே 5 ஆகிய நாட்களில் நினைவூட்டி மின்னஞ்சல் அனுப்பினேன், மே 22 பதில் வந்தது. இதுவரை ஆணையர் தலையாட்டிக்கொண்டு படிப்பார். உள்ளுக்குள் தீர்க்கப் பார்த்தார் என்பது அவருக்குச் சாதகமாகவே எடைபோடப்படும். கேள்வி அதற்குப் பிறகுதான் வரும். மே 22க்கும் ஆகஸ்ட் 18க்கும் நடுவில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? அங்கே அவரிடம் இருப்பது தவறான கணக்கு மட்டும்தான். அந்த மூன்று மாத வெறுமைதான் அவருடைய உண்மையான ஆபத்து, முதலில் காத்திருந்த காலம் இல்லை.

‘சங்கக்காரர் பார்த்துக்கொள்கிறேன் என்றார்’, ‘வக்கீல் தூங்கிவிட்டார்’ என்ற காரணங்களும் அடிக்கடி வரும். நாம் நியமித்தவரின் அலட்சியத்துக்குப் பின்னால் ஓரளவுக்குத்தான் ஒளிந்துகொள்ள முடியும் என்று 1965இல் சலூஜி வழக்கில் நீதிமன்றம் சொன்னது. அந்த வரி இன்றும் மன்னிப்பு மனுக்களின் எதிர்வாதங்களில் தவறாமல் தலைகாட்டுகிறது. எத்தனை முறை விசாரித்தீர்கள், எப்போது விசாரித்தீர்கள் என்று காட்ட முடிந்தால் மட்டும் தப்பலாம்.

இந்த டர்பன் பகுதிக்கே உரிய ஒரு பழைய கதை இங்கே நினைவுக்கு வருகிறது. சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளோடு ‘ட்ரூரோ’ கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தது 1860 நவம்பர் 16. தோட்டத்தை விட்டு வெளியே வரவே அனுமதிச் சீட்டு வேண்டும் என்றிருந்த காலத்தில், 1894இல், பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலி முதலாளி அடித்ததில் பற்கள் உடைந்து, இரத்தம் வழிய, வக்கீல் காந்தியின் அறையில் வந்து நின்றார். காந்தி முதலில் செய்தது அவரை மருத்துவரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்று வாங்கியது. அடுத்து அங்கிருந்து நேராக மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போனது. கெடு என்று எதையும் யாரும் சொல்லாத காலத்திலும் நல்ல வக்கீலின் கால்களுக்கு வேகம் தெரிந்திருந்தது.

எந்தக் கதவு, எந்தச் சீட்டு

நேரத்தோடு போனாலும் தப்பான இடத்துக்குப் போகலாம். எல்லாத் துறைகளும் சிசிஎம்ஏயின் கீழ் வருவதில்லை. ஆசிரியர், போலீஸ், சுகாதாரப் பணியாளர், நகராட்சி ஊழியர் போன்றோருக்குத் தனித்தனிக் கூட்டுப்பேர மன்றங்கள் இருக்கின்றன. பதவி உயர்வுத் தகராறு அங்கேதான் போக வேண்டும். தெரியாமல் மாறிப் போனால் வழக்கு உரிய இடத்துக்கு அனுப்பப்படலாம், ஆனால் அதை நம்பி 89ஆவது நாள் போகக் கூடாது.

படிவத்தில் கையெழுத்து இருக்க வேண்டும். முதலாளிக்கும் ஒரு நகல் போயிருக்க வேண்டும். போனதற்குச் சாட்சியும் படிவத்தோடு இருக்க வேண்டும். பதிவுத் தபால் என்றால் ரசீது, கையில் கொடுத்தால் வாங்கியவரின் கையெழுத்து, மின்னஞ்சல் என்றால் அனுப்பியதன் அச்சு நகல். எல்லாம் எழுதிவிட்டு இந்தச் சின்னச் சீட்டை மறந்துவிட்டுத் திரும்பி நடப்பவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். வென்றால் கிடைப்பதற்கும் ஓர் உச்சவரம்பு இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்: நியாயமற்ற நடைமுறைக்கு இழப்பீடு அதிகபட்சம் 12 மாதச் சம்பளம்.

இரண்டாவது 90

சமரசப் பேச்சுக்குச் சட்டம் 30 நாள் தருகிறது. அதில் முடியாவிட்டால், தகராறு தீரவில்லை என்று ஆணையர் ஒரு சான்றிதழ் கொடுப்பார். தகுதிகாண் பருவம் பற்றிய தகராறு என்றால் சமரசம் முடிந்த கையோடு அதே அமர்விலேயே நடுவர் விசாரணை தொடங்கிவிடும். மற்றவற்றில் யாராவது ஒரு தரப்பு மறுத்தால் அப்படி நடக்காது. அப்போது தொழிலாளிதான் மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் படிவத்துக்கு எண் 7.13. அதற்கும் 90 நாள் கெடு.

சான்றிதழ் கைக்கு வந்ததும் பலர் ‘வழக்கு நடக்கிறது, தேதி சொல்லி அனுப்புவார்கள்’ என்று அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். தேதி தானாக வராது. இங்கே தவறவிட்டாலும் மன்னிப்பு மனு போடலாம். ஆனால் முதல் முறைக்கு மன்னிப்பு கேட்டவர் இரண்டாம் முறையும் கேட்டால் ஆணையரின் புருவம் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

நம் மேற்பார்வையாளரின் கதையைக் கொஞ்சம் மாற்றி எழுதிப் பார்ப்போம். மே 22 பதில் வந்ததும், கூட வேலை பார்க்கும் ஒருவர் விவரம் சொல்ல, அவர் மே 30, வெள்ளிக்கிழமையே படிவம் கொடுத்துவிட்டார். கெடுவுக்கு மூன்று நாள் மிச்சம். சமரசம் பலிக்கவில்லை, ஜூன் 26 அன்று சான்றிதழ் கொடுக்கப்பட்டது. மறுபடியும் எண்ண வேண்டும். ஜூனில் நான்கு நாள், ஜூலை 31, ஆக 35, ஆகஸ்ட் 31, ஆக 66, செப்டம்பரில் 24. தொண்ணூறாவது நாள் செப்டம்பர் 24, புதன்கிழமை. தென்னாப்பிரிக்காவில் அது பாரம்பரிய தினம், அரசு விடுமுறை. தெருவெல்லாம் இறைச்சி சுடும் புகை எழுந்துகொண்டிருக்கும். எனவே அவருக்குக் கடைசி நாள் 25, வியாழன். அவர் அதுவரை காத்திருக்காமல் ஜூலையிலேயே 7.13ஐ நிரப்பி, நகலின் ரசீதைப் பின் போட்டுக் கொடுத்துவிட்டார்.